சக்கரத்தின் மேல் ஒரு கூடாரம்



வீடு என்றால் அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். வண்டி என்றால் அது ஓட வேண்டும். ஓடும்போது வண்டியாகவும் நிற்கும்போது வீடாகவும் இருக்கும்படி ஒரு பொருளை மனிதன் செய்து பார்த்தான். அதற்கு டிரெயிலர் கூடாரம் என்று பெயர். மோட்டார் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் இரண்டு சக்கரப் பெட்டி அது. தங்க வேண்டிய இடம் வந்ததும் பெட்டியைத் திறந்து விரித்தால், உள்ளே மடித்து வைத்திருந்த கித்தான் துணி எழுந்து நின்று கூடாரமாகும். பெட்டியின் பலகைகளே கட்டில்களாகும். அந்தக் கூடாரம் எப்படித் தோன்றியது, அதை முதல் தடவை விரிக்க முயன்றவர்கள் என்ன பாடுபட்டார்கள், அதிலிருந்து என்னென்ன விளைந்தன என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

எங்கோ அமெரிக்காவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் இழுத்துச் சென்ற கூடாரத்துக்கும் மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நமக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு இரண்டு வகையில் உண்டு. ஒன்று, அந்தப் பெட்டி உருண்டோடிய சக்கரம். அந்தச் சக்கரத்தின் ரப்பர் எங்கிருந்து போனது என்பது நமக்குத் தெரியாததன்று. மற்றொன்று, அந்தக் கூடாரத்தின் கூரை. தலைக்கு மேலே இருக்கும் கூரை யாருடையது, அது எத்தனை நாளைக்கு நமக்கு என்ற கேள்வி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதியதன்று.

கூடாரம் மிகப் பழைய பொருள். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு புல்லும் நீரும் தேடி அலைந்த மக்கள் அதை வீடாகவே கொண்டார்கள். அரபு நாட்டுப் பாலைவனத்தில் ஆட்டு மயிரால் நெய்த கூடாரங்களும், மங்கோலியப் புல்வெளியில் கம்பளிக் கூடாரங்களும் இருந்தன. படையெடுத்துச் சென்ற அரசர்களுக்கும் கூடாரமே அரண்மனை. நம் மொழியில் உள்ள படைவீடு என்ற சொல்லும் படை தங்கிய இடத்தைக் குறித்ததுதான். ஆகவே முற்காலத்தில் கூடாரம் அடித்தவர்கள் பிழைப்புக்காகவோ போருக்காகவோ அடித்தார்களே தவிர, பொழுதுபோக்குக்காக அடிக்கவில்லை.

நல்ல வீடு இருக்கும்போதே அதைப் பூட்டிவிட்டு, மகிழ்ச்சிக்காகக் காட்டோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அதை இங்கிலாந்தில் வளர்த்தவர்களுள் முக்கியமானவர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்னும் தையற்காரர். சிறுவனாக இருந்தபோது, 1853ஆம் ஆண்டில், பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டு வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர் அவர். பின்னாளில் லண்டனில் தொழில் செய்துகொண்டே, மிதிவண்டியில் கட்டிச் செல்லக்கூடிய எடை குறைந்த கூடாரங்களை வடிவமைத்தார். 1901ஆம் ஆண்டில் அவரைப் போன்றவர்கள் கூடி மிதிவண்டிக் கூடாரக்காரர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1908ஆம் ஆண்டில் அவர் எழுதிய கையேடு கூடாரக் கலைக்கு ஒரு பாடநூல் போல் விளங்கியது.

மிதிவண்டியில் ஒருவர் இருவர் போகலாம். மனைவி மக்கள், சட்டி பானை, படுக்கை எல்லாவற்றோடும் போவதற்கு மோட்டார் வண்டி வரவேண்டியிருந்தது. அது வந்த கதையில்தான் நம் கதையும் கலந்திருக்கிறது.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பூந்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டத் துரைமார்களிடம் அவர் ஓயாமல் சொல்லி வந்ததால், அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனர் வாணிப நோக்கத்தோடு ரப்பர் நட்டார். அந்த மரங்கள் வளர்ந்து பால் கொடுக்கும் காலமும், அமெரிக்காவில் மோட்டார் வண்டி பெருகும் காலமும் ஒன்றாக வந்தன.

1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு தம்முடைய மாடல் டி காரை வெளியிட்டார். அப்போது அதன் விலை 850 டாலர். 1913ஆம் ஆண்டில் அவருடைய தொழிற்சாலையில், வண்டி நகர்ந்துகொண்டே வர, ஆட்கள் நின்ற இடத்தில் நின்று வேலை செய்யும் புதிய முறை ஏற்பட்டது. விலை வேகமாகக் குறைந்தது. 1920களின் நடுவில் 300 டாலருக்கும் குறைவாகவே ஒரு கார் வாங்க முடிந்தது. 1927ஆம் ஆண்டில் அந்த மாடல் நிறுத்தப்படும்போது ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்திருந்தன. ஒரு காருக்கு நான்கு சக்கரங்கள், மாற்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனைக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். அந்த ரப்பருக்காகத்தான் சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார்கள் கப்பலேறி வந்தார்கள். உலகத்தில் அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு மலாயா. உலகத்தில் அதிகமாக ரப்பர் வாங்கிய நாடு அமெரிக்கா. விடியுமுன் எழுந்து நம்மவர்கள் சீவிய மரத்தின் பால், உறைந்து, தகடாகி, புகையில் காய்ந்து, கடல் கடந்து, அமெரிக்கச் சாலையில் சக்கரமாக உருண்டது.

கார் வந்ததும் அமெரிக்கர்கள் ஊர் சுற்றப் புறப்பட்டார்கள். 1915ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோன் என்னும் புகழ்பெற்ற தேசியப் பூங்காவுக்குள் கார்கள் அனுமதிக்கப்பட்டன. ஹென்றி ஃபோர்டு, விஞ்ஞானி தாமஸ் எடிசன், டயர்த் தொழிற்சாலை அதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகியோர் கோடைதோறும் கூட்டமாகக் காட்டுக்குள் சென்று கூடாரம் அடித்துத் தங்கினார்கள். இயற்கையோடு எளிமையாக வாழப் போகிறோம் என்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் சமையல் லாரியும் சமையற்காரர்களும் சென்றார்கள். ஆளுக்கொரு கூடாரம், நடுவில் பெரிய வட்ட மேசை. 1921ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் ஹார்டிங்கே அந்த முகாமுக்கு விருந்தாளியாக வந்தார். இந்த ஃபயர்ஸ்டோன் மலாயா ரப்பரை வாங்கியவர்களுள் ஒருவர். 1922ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் விலையை உயர்த்துவதற்காக ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது கடுமையாக எதிர்த்தவர். 1926ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தமக்கென்றே ரப்பர்த் தோட்டம் போட நிலம் பிடித்தவர்.

சாதாரணக் குடும்பங்களுக்குச் சமையல் லாரி ஏது? அவர்கள் காரின் பக்கவாட்டில் ஒரு கித்தானைக் கட்டி அதன் அடியில் படுத்தார்கள். தகரக் குவளையில் அடைத்த உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். அதனால் அவர்களுக்குத் தகரக் குவளைப் பயணிகள் என்ற பெயர் வந்தது. 1919ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் அவர்கள் அந்தப் பெயரிலேயே சங்கமும் அமைத்தார்கள். அங்கத்தினர் என்பதற்கு அடையாளமாக, காரின் முன்புறத்தில் ஒரு தகரக் குவளையைப் பற்றவைத்துக்கொண்டார்கள்.

ஆனால் தரையில் படுப்பதில் தொல்லைகள் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். பூச்சி பொட்டு ஏறும். கூடாரம், கழி, முளை, படுக்கை எல்லாவற்றையும் காருக்குள் ஏற்றினால் பிள்ளைகள் உட்கார இடமில்லை. இதற்கு வழியாகத்தான் டிரெயிலர் கூடாரம் பிறந்தது. 1910களிலேயே அமெரிக்கப் பட்டறைகள் சில இதைச் செய்யத் தொடங்கின. 1920களில் பல ஊர்களில் இது தொழிலாக வளர்ந்தது.

அதன் அமைப்பைச் சற்று விளக்கமாகச் சொல்வோம். இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மூடி நடுவில் பிளந்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு இறக்கைகள் போல் விரியும். விரிந்த ஒவ்வோர் இறக்கையும் ஒரு கட்டில். இரண்டுக்கும் நடுவில், பெட்டியின் அடித்தளமே நடைபாதை. கட்டில்கள் தரையைவிட்டு இடுப்பளவு உயரத்தில் இருப்பதால் ஈரமும் பூச்சியும் எட்டா. வளைந்த கம்பிகளையும் கழிகளையும் நிமிர்த்தி நிறுத்தினால், அவற்றோடு பிணைத்திருக்கும் கித்தான் கூரையாக எழும்பும். கட்டுவிரியன் போல் சுருண்டு கிடந்தது மயில் போல் தோகை விரிக்கும் என்று விற்பவர்கள் பேசினார்கள் என்றால் நம்பத்தான் தோன்றும். விளம்பரங்களில் இது சில நிமிட வேலை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. விளம்பரத்தில் விரிந்த கூடாரம் வெட்டவெளியில் அவ்வளவு எளிதாக விரியாது. முதலில் நிலம் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பெட்டி கோணும். பெட்டி கோணினால் கம்பிகள் அதனதன் குழியில் உட்கார மாட்டா. அடுத்து, காரிலிருந்து கொக்கியைக் கழற்றுமுன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். இல்லையேல் பெட்டி தன்னால் உருளும். பிறகு நான்கு மூலைகளிலும் தாங்கு கால்களை இறக்க வேண்டும். அதை மறந்துவிட்டு ஒருபக்கத்து இறக்கையை விரித்து அதன்மேல் ஆள் ஏறினால், தராசுத் தட்டைப் போல் பெட்டி அந்தப் பக்கம் சாயும். இரண்டு இறக்கைகளும் விரிந்த பிறகே கம்பிகளை நிமிர்த்த வேண்டும். கித்தானை ஒரு பக்கம் இறுக்கி முடித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. நான்கு பக்கமும் சிறிது சிறிதாக இழுத்துக் கட்ட வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வேண்டும்.

கித்தானுக்கும் தனிக்குணம் உண்டு. அது பருத்தி நூலால் நெருக்கமாக நெய்த துணி. புதிதாக வாங்கிய கித்தானில் இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். முதல் மழையில் அவற்றின் வழியே துளித்துளியாகக் கசியும். ஒருமுறை நன்றாக நனைந்து காய்ந்தால் இழைகள் உப்பி இடைவெளிகள் அடையும். அதனால்தான் அனுபவசாலிகள் புதுக் கூடாரத்தைப் பயணத்துக்கு முன்பே வீட்டு முற்றத்தில் விரித்து, தண்ணீர் ஊற்றி நனைத்துக் காயவைப்பார்கள். மழை பெய்யும்போது உட்புறத்தில் கையோ தலையோ கித்தானில் பட்டால், பட்ட இடத்தில் நீர் உள்ளே இறங்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களிலேயே பூசணம் பிடித்துத் துணி இற்றுப்போகும். இவையெல்லாம் ஒருமுறை பழகியவர்களுக்குச் சிறு விஷயங்கள். பழகாதவர்களுக்கு ஓர் இரவே போதும், விடுமுறை முழுவதும் கெட்டுப்போக.

அப்படி ஓர் இரவில் அகப்பட்டவர் ஆர்தர் ஷெர்மன். டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் ஆய்வாளர், மருந்து செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைவர். 1920களின் இறுதியில் அவர் புதிதாக ஒரு டிரெயிலர் கூடாரம் வாங்கினார். மழை புகாத அறை, நிமிடங்களில் விரிந்துவிடும் என்று விளம்பரம் சொல்லியிருந்தது. மனைவி மக்களோடு விடுமுறைக்குப் புறப்பட்டார். தங்கும் இடத்தில் முதல் தடவையாக அதை விரிக்க முயன்றபோது திடீரென்று இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. கூடாரம் எழும்புவதாயில்லை. படித்தவர், பணமுள்ளவர், நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராய்ந்தவர். ஆயினும் கம்பியும் கித்தானும் அவருக்குப் பணியவில்லை. குடும்பம் முழுவதும் தொப்பலாக நனைந்தது.

மற்றவர்களாக இருந்தால் விற்றவனைத் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். ஷெர்மன் வேறு விதமாக எண்ணினார். மடிப்பதும் விரிப்பதும் இருந்தால்தானே இந்தத் தொல்லை? மடிக்கவே தேவையில்லாத சுவர்களைச் சக்கரத்தின் மேல் வைத்தால் என்ன? ஒரு தச்சரை அழைத்து, தம் திட்டப்படி 6 அடி அகலமும் 9 அடி நீளமும் உள்ள ஒரு பெட்டி வீட்டைச் செய்வித்தார். உயரம் காரை மீறவில்லை. காற்றுக்குச் சிறு ஜன்னல்கள். உள்ளே நடுவில் ஒடுக்கமான நடைவழி. இருபுறமும் அலமாரி, அடுப்பு, பனிக்கட்டிப் பெட்டி, கட்டில். அவருடைய பிள்ளைகள் அதற்குக் கூண்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறிய மக்கள் அந்தக் காலத்தில் ஓட்டிச் சென்ற, கித்தான் கூண்டு போட்ட வண்டியின் பெயர் அது.

பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கவே, 1930ஆம் ஆண்டு ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார். விலை 400 டாலர். கண்காட்சி முடிவதற்குள் 118 வண்டிகளுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். 1936ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் ஓராண்டில் 6,000 வண்டிகள் செய்தது. அந்தத் தொழிலில் அமெரிக்காவிலேயே அதுதான் பெரியதாக விளங்கியது. விரியாத ஒரு கூடாரம் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

நேயர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால், முயற்சி திருவினையாக்கும் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் 1930 என்ற ஆண்டை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அது உலகப் பொருளாதாரம் சரிந்த காலம். அமெரிக்காவில் கார் வாங்குவது குறைந்தது. டயர் குறைந்தது. மலாயாவில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. நாட்கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள், வேலையில்லை என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை போன அன்றே லயத்து வீடும் போயிற்று. ஏனென்றால் அந்த வீடு ஆளுக்கு உரியதன்று, வேலைக்கு உரியது.

அமெரிக்காவிலும் அதே நிலைதான். நாட்டின் நடுப்பகுதியில் மழை பொய்த்து, காற்று மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. நிலத்தை இழந்த குடியானவர்கள், பழைய கார்களில் சட்டி பானைகளை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். அங்கே பருத்தி எடுக்கவும், பழம் பறிக்கவும், பட்டாணி பறிக்கவும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அவர்களும் காரின் பக்கத்தில் கித்தான் கட்டித்தான் படுத்தார்கள். விடுமுறைக்காரர் கட்டிய அதே கித்தான். ஆனால் ஊரார் பார்த்த பார்வை வேறு.

இதற்கு முன்பே ஒரு மாறுதல் நடந்திருந்தது. 1920களின் தொடக்கத்தில் பல நகரங்கள் கார்ப் பயணிகளை வரவேற்று, தண்ணீரும் விளக்கும் உள்ள இலவச முகாம்களைத் திறந்தன. பணமுள்ளவர்கள் வந்தால் ஊர்க் கடைகளில் வியாபாரம் நடக்கும் என்பது எண்ணம். பிறகு வேலை தேடி அலையும் ஏழைக் குடும்பங்களும் அதே முகாம்களில் தங்கத் தொடங்கினார்கள். உடனே பல நகரங்கள் கட்டணம் விதித்தன, இத்தனை நாளைக்குமேல் தங்கக்கூடாது என்று விதி போட்டன. பயணி தங்கினால் விருந்தாளி. தொழிலாளி தங்கினால் தொல்லை. இரண்டு கூடாரங்களுக்கும் துணியில் வேற்றுமை இல்லை. ஒருவனுக்குத் திரும்பிப் போக வீடு உண்டு, மற்றவனுக்கு இல்லை. அவ்வளவுதான் வேற்றுமை.

1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டோரதியா லாங்கே என்னும் அம்மையார் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில் ஒரு தாயைப் படம் பிடித்தார். பட்டாணிப் பயிர் பனியில் கருகிப்போனதால் வேலையில்லாமல், சாய்வாகக் கட்டிய ஒரு கித்தானின் அடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். படங்கள் செய்தித்தாளில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் அடுத்த வேலையைத் தேடிப் போய்விட்டிருந்தது. உலகம் முழுவதும் அந்த முகத்தைப் பார்த்தது. பயன் கிடைக்க வேண்டியவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்க மத்திய அரசாங்கம் பயிர்த் தொழிலாளர்களுக்காகச் சில முகாம்களை அமைத்தது. கலிஃபோர்னியாவின் ஆர்வின் என்ற ஊருக்கு அருகில் அமைந்த முகாம் புகழ்பெற்றது. அங்கே கூடாரங்கள் தரையில் அல்லாமல் பலகை மேடைகளின்மேல் நின்றன. குளிக்கும் அறை, துணி துவைக்கும் இடம், கழிப்பிடம் ஆகியவை இருந்தன. முகாமில் வாழ்ந்தவர்களே குழுக்களைத் தேர்ந்தெடுத்து முகாமை நடத்தினார்கள். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் அந்த முகாமுக்குச் சென்று பார்த்தார். 1939ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில் அத்தகைய முகாம் இடம்பெற்றிருக்கிறது. பின்னர் நடமாடும் முகாம்களும் ஏற்பட்டன. அறுவடை எங்கே நடக்கிறதோ அங்கே கூடாரங்களும், டிரெயிலர் வண்டிகளில் குளியலறையும் மருந்தகமும் சென்றன. விடுமுறைக்காரருக்காகப் பிறந்த டிரெயிலர், வயலில் பாடுபட்டவனின் குழந்தைக்கு மருந்து கொண்டுபோயிற்று. பொருளில் குற்றமில்லை. அதை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து யுத்தம் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. நம் தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. அமெரிக்காவில் யுத்த காலப் பங்கீட்டின் கீழ் முதன்முதலில் வந்த பொருள் அரிசியோ சர்க்கரையோ அன்று, டயர்தான். மணிக்கு 35 மைலுக்குமேல் கார் ஓட்டக்கூடாது என்று விதியே போட்டார்கள். வேகம் கூடினால் டயர் தேயும் என்பதுதான் காரணம். விடுமுறை டிரெயிலர்கள் நின்றுபோயின. அதே டிரெயிலர்களை அரசாங்கம் ஆயிரக்கணக்கில் வாங்கி, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்களைக் குடிவைத்தது. தோட்டத்துப் பால் மரம் ஒன்றின் கீழ் கோப்பை காலியாக நின்றால், கடலுக்கு அப்பால் ஒருவனுடைய வண்டி நிற்கும் என்பதை உலகம் அன்றுதான் உணர்ந்தது.

ஆனால் பால் வெட்டிய கைகளுக்கு அந்த ஆண்டுகளில் நேர்ந்தது என்ன? தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காட்டுக்குள், மழை ஒழுகும் கொட்டகைகளில், பேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் பலர். திரும்பி வராத அப்பாவைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் கதை கேட்காத தோட்டத்துக் குடும்பம் அரிது. ஒழுகாத கூரை என்பது உயிரைக் காக்கும் பொருள் என்பதை நம்மவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

யுத்தம் முடிந்தபின் டிரெயிலர் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று பெரிதாகிப் பெரிதாகி, ஓரிடத்தில் நிலையாக நிறுத்தி வாழும் வீடாயிற்று. அமெரிக்காவில் எளிய குடும்பங்கள் பல அத்தகைய வீடுகளில் குடியேறின. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வீடு அவர்களுடையது, அது நிற்கும் நிலம் வேறொருவருடையதாக இருந்தது. வாடகை ஏறினால், வேறிடம் போவது எளிதன்று. சக்கரம் இருந்தும் நகர முடியாத வீடு. மற்றொரு கிளை மறுபடியும் மடித்து விரிக்கும் கூடாரமாகவே வளர்ந்து, ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியது. இரும்புக் கம்பிகளுக்குப் பதில் அலுமினியமும், பருத்தியோடு செயற்கை இழையும் கலந்தன. ஆனாலும் நிலம் பார்ப்பதும், சக்கரத்துக்குக் கல் வைப்பதும், இருவர் சேர்ந்து இழுப்பதும், புறப்படுமுன் முற்றத்தில் ஒருமுறை விரித்துப் பழகுவதும் மாறவில்லை.

நம் நாட்டிலும் கூரையைப் பற்றிய கேள்வி வளர்ந்துகொண்டே வந்தது. தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளை வகுத்து 1966ஆம் ஆண்டில் மலேசியாவில் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டில் மேலும் விரிவான சட்டம் வந்தது. குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் வந்தது நன்மைதான். ஆயினும் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்ட காலத்தில், மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் லயத்தைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பழைய கேள்வியே புதிய உடையில் வந்து நின்றது. சொந்த வீடு, சொந்த நிலம் என்று தொழிலாளர்கள் கோரியது ஆடம்பரத்துக்காக அன்று.

ஆகவே, நேயர்களே, சக்கரத்தின் மேல் அமைந்த இந்தச் சிறு கூடாரத்தின் வரலாற்றிலிருந்து நாம் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, எந்தப் புதிய பொருளையும் விளம்பரத்தை நம்பி வாங்கினால் போதாது. வேண்டிய நேரத்தில் அது உதவ வேண்டுமானால், வேண்டாத நேரத்தில் அதைப் பழகி வைத்திருக்க வேண்டும். தையல் இயந்திரமானாலும் சரி, மிதிவண்டியானாலும் சரி, பிள்ளைகள் படிக்கும் தொழிற்கல்வியானாலும் சரி, இது பொருந்தும்.

இரண்டாவது அதைவிடப் பெரியது. கூடாரம் அடித்துத் தங்குவது இன்பமா, துன்பமா என்று கேட்டால், அடித்தவனுக்கு வேறு வீடு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஷெர்மன் குடும்பம் ஓரிரவு நனைந்தது. திரும்பிப் போக அதற்கு உலர்ந்த வீடு இருந்தது. நிப்போமோவின் தாய்க்கும், கப்பலேற்றப்பட்ட நம் முன்னோருக்கும் அப்படி ஒரு வீடு இல்லை. விரும்பினால் விரிக்கவும் விரும்பினால் மடிக்கவும் கூடிய கூரைதான் விடுமுறை. மற்றவன் மடிக்கச் சொன்னால் மடித்தாக வேண்டிய கூரை வெறும் தங்கல். நம் பிள்ளைகள் காலத்திலாவது, விடுமுறை நாளில் கடற்கரையில் கூடாரம் அடித்து விளையாடிவிட்டு, மாலையில் தங்கள் பெயரில் பட்டா உள்ள வீட்டுக்குத் திரும்பும் குடும்பங்கள் பெருகட்டும். அதற்குக் கல்வியும் சேமிப்பும் ஒற்றுமையும் வேண்டும். கித்தானை ஒருவர் மட்டும் இழுத்தால் கூடாரம் நிற்காது என்பதை முன்பே பார்த்தோம் அல்லவா?

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இதுவரை எத்தனை கூரைகளின் கீழ் வாழ்ந்தார்கள், ஒவ்வொன்றையும் ஏன் விட்டு வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். அதுவும் வரலாறுதான்.